ஏசி அறையில் தூங்கினால் காலையில் தலை பாரமாக இருக்கிறது. இஆர்வி மாட்டலாமா?

நீங்கள் சொன்னது: சென்னை அபார்ட்மென்ட், பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை, மூன்று பேர், ராத்திரி முழுக்க ஏசி. எழுந்தால் தலை பாரம். கடைக்காரர் இஆர்வி மாட்டச் சொல்கிறார் (வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும்போதே, வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை மீட்கிற பெட்டி).

என் வீட்டிலும் இதே கதைதான். கட்டடங்களுக்கு ஏசி டிசைன் செய்வது என் பிழைப்பு. ஆனாலும் சொந்த வீட்டில் ஏசி மாட்டிய அன்றே, ஜன்னலுக்கு மேலிருந்த வென்டிலேட்டரில் தெர்மாகோலைச் செருகி டேப் ஒட்டி அடைத்தவன் நான். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப ஊதும். வெளிப்பெட்டிக்கும் உள்பெட்டிக்கும் நடுவே போய்வருவது குளிரவைக்கிற கேஸ் மட்டும்தான், காற்று இல்லை.

நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடை (சிஓ2) அளக்கிற மீட்டர் ஒன்று வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். படுக்கும்போது 640 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 640 பங்கு), விடிகாலை ஐந்தரைக்கு 2,700. வெளிக்காற்றில் 420-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். (மீட்டர் வாங்கினால் என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் அளக்கிற) சென்சாரா என்று பாருங்கள். மலிவானவற்றில் பல சிஓ2-வை அளப்பதே இல்லை, வேறு வாயுக்களை வைத்து ஊகிக்கும். சாம்பிராணி போட்டால் எகிறும்!) 1,000-ஐத் தாண்டக் கூடாது என்று மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார விஞ்ஞானி 1858-லேயே சொல்லிவிட்டார்.

தூங்குகிற ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் சிஓ2 விடுவார். மூன்று பேருக்கு 36 லிட்டர். மணிக்கு 60 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வந்தால் 600 பிபிஎம்தான் கூடும். மொத்தம் ஆயிரத்துச் சொச்சத்தில் நிற்கும்.

சரி, அந்தக் காற்றுக்கு என்ன செலவு? வெளியே 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். அறைக்குள் 25 டிகிரிக்கும் 55 சதவீதத்துக்கும் கொண்டுவர ஏசிக்குக் கிட்டத்தட்ட 600 வாட் குளிர்ச்சிச் சுமை. இதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் ஈரத்தைப் பிழிந்தெடுக்கவே போகிறது. அதனால்தான் வெப்பத்தை மட்டும் மீட்கிற ஹெச்ஆர்வி நம் ஊருக்கு ஒத்துவராது. அது குளிர்தேசத்துச் சரக்கு. இஆர்விக்குள் அடுக்கடுக்காக மடித்த காகிதம் போன்ற ஒரு கோர் இருக்கும். வெளியேறும் குளிர்காற்று தாளின் ஒரு பக்கம், உள்ளே வரும் புழுக்கக்காற்று மறுபக்கம். காற்று கலக்காது, சூடும் ஈரமும் மட்டும் தாளைத் தாண்டி, வெளியேறுகிற காற்றோடு போய்விடும்.

ஆனால் கணக்கு இடிக்கிறது. 60 சதவீதம் மீட்டால் 360 வாட் குளிர்ச்சிச் சுமை குறையும்; ஏசி ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று வாட் குளிர்ச்சி தருவதால், மின்சாரத்தில் மிச்சம் 120 வாட்தான். இஆர்வியின் இரண்டு ஃபேன்களே அதில் 30 வாட் தின்னும். எட்டு மணி நேரத்துக்கு மிஞ்சுவது முக்கால் யூனிட், சுமாராக ஐந்து ரூபாய். எனக்குச் சொன்ன விலை காற்றுக் குழாய் வேலையோடு ஐம்பதாயிரம். பத்தாயிரம் ராத்திரி தூங்கினால் போட்ட காசு வரும்!

முதலில் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விட்டுப் பார்த்தேன். சாக்கடை வாடையும் சேர்ந்து அறைக்குள் வந்தது. அப்புறம் தெர்மாகோலைப் பிடுங்கிவிட்டு, வென்டிலேட்டரில் நாலு இன்ச் இன்லைன் ஃபேனையும் (குழாய்க்குள் பொருத்துகிற ஃபேன்) ஒரு ஃபில்டரையும் மாட்டினேன். வெளிக்காற்றை உள்ளே தள்ளும். பழைய காற்று கதவடியில் வெளியேறும். இப்போது காலையில் 1,050. ராத்திரிக்கு ஒன்றரை யூனிட் கூடுதலாக ஆகிறது, மறைக்கவில்லை. ஆறு வாரத்தில் ஃபில்டர் கருத்துவிடுகிறது. அடுத்த வீட்டு அடுப்படிப் புகை வருகிற பக்கமாக ஃபேனை வைத்துவிடாதீர்கள்.

உங்களுக்கும் இதையே சொல்வேன். இருபது முப்பது பேர் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிற டியூஷன் சென்டர், கிளினிக், ஆபீஸ் என்றால் யோசிக்காமல் இஆர்வி போடலாம். அங்கே மணிக்கு நூற்றுக்கணக்கான கன மீட்டர் காற்று வேண்டும், கணக்கே மாறிவிடும். போட்ட பிறகு சர்வீஸுக்கு வருகிறவர் மேல் ஒரு கண் வையுங்கள். நான் டிசைன் செய்த ஒரு கிளினிக்கில், ஏசி கழுவ வந்த பையன் இஆர்வி கோரையும் கழற்றி மொட்டைமாடியில் பிரஷர் பம்பால் அடித்துக் கழுவிவிட்டான். தண்ணீரே படக்கூடாத காகிதக் கோர் அது. வேக்குவம் கிளீனர்தான் காட்ட வேண்டும். நான் போய்ப் பார்த்தபோது நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.