மகளுக்கு ரோவர் செய்யணுமாம், நகையை வைத்து ரோபாட்டிக்ஸ் சேர்க்கலாமா?

வணக்கம் அம்மா. செவ்வாய்க் கிரகத்துக்கு ரோவர், அதாவது அங்கே தரையில் ஓடி ஆராய்கிற வண்டி, அனுப்புகிற வேலைக்குத்தான் போவேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள், ரோபாட்டிக்ஸ் என்று பெயர் போட்ட படிப்பில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட் ஒன்று இருக்கிறது, நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும். அவள் ஆசை நல்ல ஆசை, அதற்கு அந்த சீட் அவசியமே இல்லை.

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று நீங்கள் இருவரும் தெரிந்துகொள்ளுங்கள். ரோவர் என்றதும் கம்ப்யூட்டரில் படம் வரைந்து வடிவமைப்பதுதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். அதில் பெரும்பகுதி சோதனை வேலை. கலிஃபோர்னியாவில் பாசடீனா ஊரில் இருக்கிற, அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் உருவாகி, 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ரோவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டன்னுக்குச் சற்று மேல் எடை. ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிய பிறகு யாரும் போய் ஒரு திருகைக்கூட இறுக்க முடியாது. இங்கிருந்து கட்டளை அனுப்பினால் போய்ச் சேரவே 5 முதல் 20 நிமிடம் ஆகும், அதனால் ரிமோட் பிடித்து ஓட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே என்னவெல்லாம் கெட்டுப்போகலாமோ அதையெல்லாம் இங்கேயே கெடவைத்துப் பார்க்கிறார்கள். ராக்கெட் அதிர்வைத் தாங்குமா என்று குலுக்குகிறார்கள், பெரிய வெற்றிடக் கூடத்தில் அடைத்து மைனஸ் 129 டிகிரி வரை குளிரவிட்டு ஒவ்வொரு கருவியாக இயக்கிப் பார்க்கிறார்கள்.

சக்கரத்தின் கதையை மகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 2012-ல் செவ்வாயில் இறங்கிய க்யூரியாசிட்டி ரோவருக்கு ஆறு அலுமினியச் சக்கரம். எடையைக் குறைக்க அவற்றின் தகட்டை முக்கால் மில்லிமீட்டர் தடிமனில்தான் வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே ஓட்டையும் கிழிசலும் தெரிய ஆரம்பித்தன. என்ன ஆனது என்றால், மண்ணில் தளர்வாகக் கிடக்கும் கல் மேல் சக்கரம் ஏறினால் கல் நகர்ந்துகொடுக்கும், அங்கே இருந்ததோ தரையோடு தரையாகப் பதிந்து நின்ற கூர்மையான பாறை, அது அசையாமல் நிற்க மற்ற சக்கரங்கள் பின்னாலிருந்து தள்ள, மெல்லிய தகடு குத்துப்பட்டுவிட்டது. உடனே பூமியில் அதே மாதிரிச் சக்கரங்களைப் பல வகைப் பாறைகள் மேல் ஓட்டிப் பார்த்தார்கள், பாறைகளை ஆராய்கிற ஜியாலஜி படித்தவர்கள் உதவியோடு பாறை குறைந்த பாதையாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2017-ல் ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் நிலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிற மென்பொருளை எழுதி இங்கிருந்தே ஏற்றினார்கள். பெர்சிவரன்ஸுக்குத் தடிமனான தகடு, கொஞ்சம் குறுகலான சக்கரம், சக்கரத்துக்கு 24 கோண வடிவப் பட்டைகளுக்குப் பதில் லேசாக வளைந்த 48 பட்டைகள். ஒரு சக்கரப் பிரச்சினைக்கு மெக்கானிக்கல், ஜியாலஜி, கம்ப்யூட்டர் என்று மூன்று தரப்பும் சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது. இதில் எந்தத் தரப்பில் அவளுக்குக் கை ஓடுகிறது என்று கேளுங்கள், படிப்பு எது என்ற கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே வந்துவிடும்.

பயோ-மேத்ஸ் குரூப் எடுத்ததால் பயாலஜி வீணாகிவிட்டது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வீணாகவில்லை அம்மா. பூமியின் நுண்ணுயிர் செவ்வாய்க்குத் தொற்றிப் போய்விடக் கூடாது என்பதற்காக, ரோவரை உருவாக்குகிற சுத்த அறையில் கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்போடுதான் நிற்பார்கள். நுண்ணுயிரியல் படித்தவர்கள் பாகம் பாகமாகத் துடைத்தெடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இது முழுநேர வேலை.

சரி, படிப்புக்கு வருவோம். மெக்கானிக்கல், இசிஇ, கம்ப்யூட்டர் சயின்ஸ், இவற்றில் ஒன்றை டிஎன்இஏ கவுன்சிலிங்கில் கிடைக்கிற நல்ல கல்லூரியில் எடுக்கச் சொல்லுங்கள். இஸ்ரோவின் சயின்டிஸ்ட்/இன்ஜினியர் வேலைக்கான அறிவிப்புகளில் வழக்கமாக வருகிற பிரிவுகள் இவைதான், 65 சதவீதம் அல்லது 6.84 சிஜிபிஏ கேட்பார்கள். ரோபாட்டிக்ஸ் பட்டம் என்றால் ஒவ்வொரு அறிவிப்பிலும் இது செல்லுமா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும். ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதியிருந்தால் விண்வெளிப் படிப்புக்கென்றே இருக்கிற திருவனந்தபுரம் ஐஐஎஸ்டியையும் பாருங்கள்.

பெரிய கல்லூரி கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன். அவர் அங்கேயே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, அப்புறம் பி.இ., திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடி என்று படிப்படியாகப் போனவர். 2023 ஆகஸ்டில் நிலவில் ஓடிய 26 கிலோ பிரக்யான் ரோவர் அந்தத் திட்டத்தில் போனதுதான்.

நாசா பற்றி ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். பெர்சிவரன்ஸ் தரை தொட்டதை அறிவித்த நாசா இன்ஜினியர் ஸ்வாதி மோகனைப் பார்த்துவிட்டு நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர் ஒரு வயதிலேயே அமெரிக்கா போய் அங்கேயே வளர்ந்தவர். அங்கே விண்வெளித் தொழில்நுட்பத்துக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இருப்பதால் பெரும்பாலான வேலைகளுக்குக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ கேட்கிறார்கள். அதை நம்பி இப்போதே வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரவேற்பறையில் வைத்திருக்கிற ரோபோவைப் பார்த்து மயங்க வேண்டாம், நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். மேஜையில் சால்டரிங் சுட்ட தழும்பு இருக்கிறதா, த்ரீ-டி பிரின்டர் மேல் உறை போட்டுத் தூசி படிந்திருக்கிறதா, மாலை ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளும் லேபில் இருக்க விடுவார்களா என்று மாணவர்களிடமே கேளுங்கள். மாணவர் ரோவர் குழு இருக்கிறதா என்பதும் முக்கியம். அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் நடக்கிற யுனிவர்சிட்டி ரோவர் சேலஞ்சுக்கு நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்தும் போகிறார்கள், இஸ்ரோவின் பெங்களூரு யு.ஆர். ராவ் மையமும் மாணவர்களுக்கு ரோபாட்டிக்ஸ் போட்டி வைக்கிறது. அப்படி ஒரு குழுவில் இரண்டு வருடம் இருந்த பிள்ளையின் பேச்சே வேறு மாதிரி இருக்கும், நேர்காணலில் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இந்தத் துறையில் காத்திருக்கத் தெரியணும். செவ்வாய்க்குப் போக வாய்ப்பான நேரம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவர் 2018-ல் போக வேண்டியது 2020-க்குத் தள்ளிப்போனது, பிறகு பாராசூட் சிக்கலில் 2022, உக்ரைன் போரில் அதுவும் போய் இப்போது 2028 என்கிறார்கள். அதைச் செய்தவர்களில் எத்தனை பேருக்கு இளமையே அதில் போயிருக்கும், நினைத்தாலே மனசு கனக்கிறது. ஆனால் வருமானத்துக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். அதிர்வு, வெப்பம், மோட்டார் கட்டுப்பாடு என்று அவள் கற்கிற அத்தனையும் ஒரகடம் வாகனச் சோதனைக் கூடத்திலும் ட்ரோன் கம்பெனியிலும் தேவைப்படுகிற வேலைதான். ரோவர் வரும்வரை சம்பளம் நிற்காது.

இந்த விடுமுறையில் அவளுக்கு ஒரு மோட்டார் கிட்டும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். இரண்டு சக்கர வண்டி ஒன்றைப் பூட்டி, காய்ந்த மணல், ஈர மணல், ஜல்லி மூன்றிலும் ஓட்டி, எங்கே சிக்கியது, எதை மாற்றினாள், அப்புறம் என்ன ஆனது என்று தேதி போட்டு எழுதட்டும். ஒரு மாதம் கழித்தும் அந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள் என்றால் தைரியமாக விடுங்கள். ரேங்க் லிஸ்ட் வந்ததும், சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால், கல்லூரி வரிசையை அவளையே எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.