வாசகர் கேள்வி பதில்: புது ஊரில் ஒரு ஆலயம் தேடி

கேள்வி: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. வந்ததிலிருந்து எங்கள் பழைய சபையின் ஆராதனையைப் பதிவு செய்த வீடியோவாகத்தான் பார்க்கிறோம். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். இங்கே இரண்டு ஆலயங்களுக்குப் போய்ப் பார்த்தோம். ஒன்று பூட்டியிருந்தது. இன்னொன்றில் எல்லாம் ஜெர்மன் மொழியில் நடந்தது, திருவிருந்தும் இல்லை, யாரும் எங்களிடம் பேசவும் இல்லை. பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு ஞாயிறோடு திங்களும் விடுமுறை. மூன்று நாள் சேர்ந்து கிடைக்கிறது, வெளியூர் போகலாம் என்கிறார் கணவர். இந்த மூன்று நாளிலாவது ஒரு சபையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. இன்னொரு உறுத்தலும் உண்டு. இங்கே முகவரி பதிவு செய்தபோது மதம் என்ற கட்டத்தை நிரப்பினால் வரி பிடிப்பார்கள் என்று நண்பர்கள் சொன்னதால் காலியாக விட்டுவிட்டோம். அப்படியிருக்க, ஆலயத்துக்குள் போய் உட்காருவது சரியா?
– ஸ்டுட்கார்ட் வாசகி

பதில்: சகோதரி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த உறுத்தலோடு போனால் எந்த ஆலயத்திலும் மனசு ஒட்டாது. தாராளமாகப் போய் உட்காருங்கள். வாசலில் யாரும் அட்டை கேட்கமாட்டார்கள், உள்ளேயும் கேட்கமாட்டார்கள். அந்தக் கட்டம் உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்கவில்லை. அரசு மூலமாக வரி வாங்கும் உரிமை உள்ள சபைகள் ஜெர்மனியில் இருக்கின்றன, அவற்றில் நீங்கள் உறுப்பினரா என்றுதான் கேட்கிறது. எவாங்கெலிஷ் என்று எழுதினால் அந்த மாநிலத்து புராட்டஸ்டன்ட் சபையிலும், கத்தோலிக்கர் என்று எழுதினால் மறைமாவட்டத்திலும் உங்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.

வரி எவ்வளவு என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். சம்பளத்தில் எட்டு சதவீதம் என்று யாரோ சொல்ல, கேட்டவர் பயந்துபோய் ஆலயப் பக்கமே போகாமல் இருக்கிறார். அது சம்பளத்தில் இல்லை, நீங்கள் கட்டும் வருமான வரியில் 8 சதவீதம். உங்கள் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் பவேரியாவிலும் 8, மற்ற மாநிலங்களில் 9. வருடத்துக்கு 6,000 யூரோ வருமான வரி கட்டுகிறீர்கள் என்றால் ஆலய வரி 480 யூரோ, மாதம் 40. வேண்டுமா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்யவேண்டியதில்லை. ஓரிரு வருடத்தில் கிளம்பிவிடுவோம் என்றால் காணிக்கைப் பெட்டியில் உங்களால் ஆனதை மனசாரப் போடுங்கள், போதும். பிள்ளைகள் அங்கேயே வளரப்போகிறார்கள், மகள் பதினாலு வயது வாக்கில் தன் விசுவாசத்தைச் சபை முன் தானே உறுதிசெய்கிற திடப்படுத்தலை அங்கேதான் எடுக்கப்போகிறாள் என்று ஆகும்போது அந்தச் சபைப் போதகரிடமே உட்கார்ந்து பேசி உறுப்பினராகச் சேருங்கள். சபைத் தேர்தலில் ஓட்டுப் போட, ஒரு குழந்தைக்கு ஞானப்பெற்றோராக நிற்க எல்லாம் அப்போது உறுப்பினராக இருப்பது தேவைப்படும்.

சரி, இப்போது அந்த மூன்று நாள் விஷயம். உங்கள் பதற்றம் புரிகிறது, ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும்: பண்டிகை விடுமுறையில் ஒரு சபையைப் பார்த்து அது எப்படிப்பட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வாரம் வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் ஊரில் இருக்கமாட்டார்கள். உங்கள் மாநிலத்தில் பெந்தெகொஸ்தேயை ஒட்டிப் பள்ளிகளுக்கும் விடுமுறை விடுவார்கள், சின்னப் பிள்ளை உள்ள குடும்பங்கள் எல்லாம் காரில் ஏறிப் போயிருப்பார்கள். அண்டை சபைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே இடத்தில் ஆராதனை வைப்பதும் உண்டு, நீங்கள் போன ஆலயம் பூட்டியிருந்ததற்கு அதுகூடக் காரணமாக இருந்திருக்கலாம். அங்கே பல ஆலயங்களில் வாசலுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அறிவிப்புப் பெட்டி இருக்கும். எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டடத்தில் என்று அதில் ஒட்டியிருப்பார்கள். இணையப் பக்கத்தை மட்டும் நம்பாமல், சனிக்கிழமை மாலை பிள்ளைகளோடு நடந்துபோய் அதை ஒரு போட்டோ எடுத்து வந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2024-ல் ஈஸ்டர் மார்ச் 31-ஆம் தேதி வந்தது. ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிற ஞாயிறும் அதே நாள். கைப்பேசி தானாக மாறியிருந்தது, அடுப்பில் இருக்கும் கடிகாரம் மாறவில்லை. பிள்ளைகளுக்குத் தலை வாரி, காலுறை தேடி, எல்லாவற்றையும் அந்த அடுப்பைப் பார்த்துப் பார்த்தே செய்தோம். பத்து மணி ஆராதனைக்குச் சரியாக வந்துவிட்டோம் என்று கதவைத் திறந்தால் உள்ளே முடிவு இசை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே ஆசீர்வாதம் சொன்னதும் எழுந்து போய்விடமாட்டார்கள், ஆர்கன் வாசித்து முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் கோட்டுகூடக் கழற்றாமல் நின்றோம். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஈஸ்டர் ஆராதனையைத் தவறவிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இசை நின்றதும் வயதான ஒரு அம்மா எழுந்து வந்தார். ஒரு கூடையிலிருந்து சிவப்புச் சாயம் போட்ட முட்டையை எடுத்து என் சின்ன மகளின் கையில் வைத்தார், சாயம் அவள் உள்ளங்கையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. எனக்குப் புரியவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: அடுத்த ஞாயிறு பத்து மணி, நான் இரண்டாவது வரிசை.

அடுத்த ஞாயிறு போனோம். மொத்தம் இருபது பேர்தான் இருந்திருப்பார்கள், பூ அலங்காரமும் பாடகர் குழுவும் கிடையாது. அந்த அம்மா இரண்டாவது வரிசையில் இருந்தார், பக்கத்தில் எங்களுக்கு இடம் போட்டு வைத்திருந்தார். அந்த ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அதுதான் எங்கள் சபை. அதனால்தான் சொல்கிறேன், விடுமுறையில் தேடுங்கள், ஆனால் முடிவை ஒன்றுமே விசேஷம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு விட்டுவையுங்கள். குறைந்தது மூன்று சாதாரண ஞாயிறாவது ஒரே இடத்துக்குப் போங்கள். முதல் வாரம் யாரும் பேசவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்குள்ளவர்கள் அறியாதவரிடம் போய்ப் பேசுவதை அவருக்குத் தொந்தரவு என்று நினைக்கிறவர்கள். ஆராதனைக்குப் பிறகு காபி வைத்திருந்தால் கிளம்பிவிடாமல் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு நில்லுங்கள், பேச்சு அங்கேதான் தொடங்கும்.

திருவிருந்து இல்லையே என்று வருந்தியிருக்கிறீர்கள். வுர்ட்டம்பெர்க் புராட்டஸ்டன்ட் ஆராதனை நெடுங்காலமாகவே பிரசங்கத்தை நடுவில் வைத்தது. பாட்டு, ஜெபம், வாசிப்பு, பிரசங்கம், ஆசீர்வாதம், அவ்வளவுதான். திருவிருந்து ஒவ்வொரு வாரமும் இருக்காது, எந்த ஞாயிறு என்பதும் அந்தக் கண்ணாடிப் பெட்டியிலேயே தெரியும். வழிபாட்டு முறைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பழகிய நமக்கு அது வெறிச்சென்று இருக்கும். ஆனால் நீங்கள் சி.எஸ்.ஐ. என்பதால் உங்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. 1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றானதுதான் நம் சபை, உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலும் அது இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டிலேயே புனித கேத்தரின் என்ற ஆங்கிலிக்கன் சபை ஆங்கிலத்தில் ஆராதனை நடத்துகிறது. அங்கே போனால் வழிபாட்டு முறையில் பாதி உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்.

அப்படியென்றால் நேராக அங்கேயே போய்விடலாமே என்பீர்கள். போங்கள், முதலில் அங்கேதான் போகவேண்டும், எட்டு மாதப் பசிக்கு அது தேவை. ஆனால் பிள்ளைகளுக்காக வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் இருக்கிற ஜெர்மன் ஆலயத்தையும் விட்டுவிடாதீர்கள். ஞாயிறு பள்ளியை உங்கள் பக்கத்தில் கிண்டர்கிர்ஷே என்பார்கள், பிள்ளைகள் ஆலயம் என்று அர்த்தம். பள்ளியில் மகளோடு படிக்கிற இரண்டு பிள்ளைகள் அங்கே இருந்துவிட்டால் மொழி ஒரு பிரச்சினையே இல்லை, ஒன்பது வயதில் ஆறு மாதத்தில் வந்துவிடும். உங்களுக்கு ஒரு உதவி: சுவரில் பலகையில் எண்கள் தொங்கும், முதலில் இருப்பது பாட்டின் எண், அதற்குப் பின்னால் வருவது எந்தெந்தச் சரணம் என்பது. ராகங்களில் சில நம் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் உள்ளவையேதான், கேட்டதும் வாய் தானாகத் தமிழில் பாட ஆரம்பித்துவிடும். பாடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

கணவர் ஆசையையும் தள்ளவேண்டாம், பாவம், அவரும் ஓய்வுக்கு ஏங்குகிறார். ரயிலில் ஒரு மணி நேரத்தில் உல்ம் இருக்கிறது. 1377-ல் அஸ்திவாரம் போட்டு 1890-ல்தான் கட்டி முடித்த பேராலயம், கோபுரம் 161 மீட்டருக்கும் மேல், புராட்டஸ்டன்ட் ஆலயம்தான். ஞாயிறு காலை ஆராதனையில் உட்கார்ந்துவிட்டு மதியம் கோபுரம் ஏறலாம். மொத்தம் 768 படி, அன்று எவ்வளவு தூரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு. சின்னவனுக்குக் கால் வலிக்கும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பிடுகிற சாமான்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், ஞாயிறும் திங்களும் கடைகள் அடைப்பு. திங்கள்கிழமை வீட்டுப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெந்தெகொஸ்தே திங்களில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்களும் சேர்ந்து திறந்தவெளியில் ஆராதனை நடத்துவது அங்கே பல ஊர்களில் வழக்கம். புல்வெளியில் பெஞ்சு போட்டிருப்பார்கள், பிள்ளைகள் ஓடினாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கேள்வி: கத்தாரில் வேலை. நாங்கள் கத்தோலிக்கர். இங்கே ஞாயிறு வேலை நாள், வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை திருப்பலிக்குப் போனால் ஞாயிற்றுக் கடமை தீர்ந்ததாகுமா?
– தோகா வாசகர்

பதில்: ஆகும், மனதில் எந்தக் குறையும் வேண்டாம். வளைகுடாவில் ஞாயிறு வேலை நாளாக இருக்கிறது என்பதற்காகவே அங்குள்ள திருச்சபை வெள்ளியிலும் சனியிலும் ஞாயிற்றுக்கிழமைக்குரிய திருப்பலியையே நிறைவேற்றுகிறது. வாசகங்களைக் கவனியுங்கள், மற்ற நாடுகளில் ஞாயிறன்று படிப்பதையே படிப்பார்கள். தோகாவில் 2008-ல் திறந்த ஜெபமாலை மாதா ஆலயம் இருக்கிற வளாகத்திலேயே மற்ற சபைகளின் ஆலயங்களும் இருக்கின்றன. வெளியே சிலுவையோ மணியோ இருக்காது, புதிதாக வருகிறவர்கள் சுவரைப் பார்த்துத் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று திரும்பிவிடுவதும் உண்டு. வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பக்கத்து அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. அங்கே இருக்கும் உறவினர் ஞாயிறுதான் சரி என்று உங்களிடம் வாதாடினால் அமைதியாகக் கேட்டுக்கொண்டு வெள்ளியன்றே போங்கள்.

கேள்வி: லைப்சிக் நகரில் மூன்று வருடமாக இருக்கிறோம். தரங்கம்பாடிக்குப் போன மிஷனரிகள் இந்தப் பக்கத்துக்காரர்கள் என்று மாமனார் சொல்வார். ஒரு விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
– லைப்சிக் வாசகி

பதில்: உங்கள் மாமனார் சொன்னது சரி, நீங்கள் ரயிலில் அரை மணி நேரத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஹாலே நகரில் ஃபிராங்கே நிறுவனங்கள் என்ற பெரிய வளாகம் இருக்கிறது. பழைய அனாதைப் பிள்ளைகள் இல்லமும் பள்ளிகளுமாகச் சேர்ந்த இடம். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க் ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர், பிறந்ததும் உங்கள் சாக்சனி மாநிலத்தில் புல்ஸ்நிட்ஸ் என்ற ஊரில். தமிழ் அச்செழுத்துகளை ஹாலேயில் வார்த்துத்தான் கப்பலில் அனுப்பினார்கள், அதன் பிறகு 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. அனாதை இல்லத்தின் மாடியில், கூரைக்கு அடியில், ஏறக்குறைய 3,000 பொருள்களை அடுக்கிவைத்த பழைய காட்சி அறை ஒன்று உண்டு, பிள்ளைகளுக்கு அது போதும். தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகளும் அந்த நிறுவனத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. ஏதாவது ஒரு ஓலை பார்வைக்கு வைத்திருந்தால் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்கள், கொஞ்சம் திணறிவிட்டு, முதல் வார்த்தை பிடிபட்டதும் உங்களைக் கூப்பிடுவார்கள்.