நான் கோயம்புத்தூர், அவர் பாலக்காடு: கல்யாணத்தை எங்க ரிஜிஸ்டர் பண்றது, ஓணத்துக்கும் லீவு கெடைக்குமா?

உங்களுக்கு கோயம்புத்தூர்ல பிரைவேட் கம்பெனி வேலை, மாப்பிள்ளை பாலக்காட்டுக்காரர், ஆவணியில பாலக்காட்டுப் பக்கம் கோயில்ல கல்யாணம்னு எழுதியிருக்கீங்க. நான் பொள்ளாச்சிப் பக்கம் பொறந்து, கேரளாவுல பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாக்கப்பட்டவங்க, வேலைக்கு தினமும் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித்தான் பொள்ளாச்சிக்கு போயிட்டு வர்றேன், அதனால இந்த ரெண்டு கேள்விலயும் நான் பட்டதை வெச்சே சொல்லிடறேன்.

மொதல்ல கல்யாணம். தாலி எந்த ஸ்டேட்டுல ஏறுதோ அந்த ஸ்டேட்டு ஆபீஸ்லதான் பதியோணும். இது தெரியாம நாங்க அலைஞ்சோம். எங்களுக்கு முகூர்த்தம் பொள்ளாச்சிப் பக்கம் மண்டபத்துல, ரிசப்ஷன் மட்டும் அவங்க ஊர்ல. கேரளாவுல 45 நாளுக்குள்ள பதியோணும்னு எங்க மாமனாருக்கு தெரியும், நாள் நெருங்குதுன்னு ஃபோட்டோ, ஆதார், ரெண்டு சாட்சி எல்லாரையும் கூட்டிட்டு அங்க லோக்கல் ஆபீசுக்கு போயிட்டோம். அங்க இருந்தவர் கல்யாணப் பத்திரிகையை வாங்கி மண்டபத்து அட்ரஸ் இருந்த வரி மேல விரலை வெச்சு, "கல்யாணம் நடந்நது பொள்ளாச்சியிலல்லே சேச்சி, அவிடெயாணு செய்யேண்டது", அதாவது அங்கதான் பதியோணும்னு அமைதியா சொல்லி திருப்பிக் குடுத்துட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனா எங்க மாமனார் வெளிய வந்து அந்தப் பத்திரிகையையே ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னாரு, பையன் இந்த ஊரு, வீடு இந்த ஊரு, ஓட்டு இந்த ஊரு, கல்யாணம் மட்டும் எப்படி இந்த ஊர் கணக்குல வராதுன்னு அவருக்கு மனசு ஆறவே இல்ல.

மத்திய அரசு சட்டம் ஒண்ணு இருக்கறப்ப ஏன் இப்படின்னா, கல்யாண விஷயம் அரசியல் சட்டத்துல பொதுப் பட்டியல்ல இருக்கு, மத்திய அரசும் சட்டம் போடலாம் மாநிலமும் போடலாம். எல்லா மதத்துக்காரங்களும் கல்யாணத்தை கட்டாயம் பதியற மாதிரி வழி பண்ணுங்கன்னு 2006ல சுப்ரீம் கோர்ட் சொன்னப்புறம் ஒவ்வொரு ஸ்டேட்டும் தனித்தனியா விதி போட்டுச்சு. கேரளாவுல 2008ல வந்த பொது விதிப்படி பஞ்சாயத்து, முனிசிபாலிட்டியிலயே பதியலாம், 45 நாள். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி சார்பதிவாளர் ஆபீஸ், 90 நாள், அது தாண்டினா இன்னும் 60 நாள் கூடுதல் பீஸ் கட்டி. எங்களுக்கு அந்த 90 நாள்தான் கைகுடுத்துச்சு, அடுத்த வாரமே லீவு போட்டு பதிஞ்சுட்டோம். அவரோட கேரளா ஆதாரைப் பாத்து யாரும் ஒண்ணும் கேக்கல, அந்த தமிழ்நாட்டு சர்டிபிகேட்டை வெச்சுத்தான் கேரளா ரேஷன் கார்டுல என் பேரைச் சேத்தோம். பதியற இடம்தான் மாறுமே தவிர, ஒரு ஸ்டேட்டுல முறைப்படி நடந்த கல்யாணம் எல்லைக் கல்லைத் தாண்டினா செல்லாமப் போயிடாது, அந்த பயமே வேண்டாம். நாள் தவறிட்டாலும் கல்யாணம் செல்லாதுன்னு ஆகிடாது, இந்து திருமணச் சட்டம் 8வது பிரிவுலயே அது இருக்கு. ஆனா சடங்கே நடக்காம விசாவுக்காக பேப்பர் மட்டும் வாங்கி வெச்சுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது கல்யாணமே இல்லைன்னு 2024ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

இன்னொரு பெரிய வித்தியாசம் சுயமரியாதைக் கல்யாணம். நீங்க கோயில்லதான் பண்றீங்க, ஆனாலும் இதைப் படிக்கற மத்தவங்களுக்கு உதவும்னு சொல்றேன். ஐயர் இல்லாம, உறவுக்காரங்க முன்னாடி மாலை மாத்தியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ பண்ற கல்யாணம் செல்லும்னு சொல்ற 7-அ பிரிவு, அண்ணா முதல்வரா இருந்தப்ப சட்டசபையில நிறைவேறி 1968 ஜனவரியில நடைமுறைக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்துல தமிழ்நாடு சேர்த்த பிரிவு அது, கேரளாவுல கெடையாது. எங்க சொந்தத்துல ஒரு பையன் இந்த மாதிரித்தான் பண்ணோணும்னு பிடிவாதமா இருந்தான், பொண்ணு வீடு பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகா. பெரியவங்க பேசிப் பாத்து, கல்யாணத்தை தமிழ்நாட்டுப் பக்கம் வெச்சுட்டு விருந்தை கேரளாப் பக்கம் வெச்சாங்க. கேரளாவுலயே சடங்கு ஒண்ணும் இல்லாம பண்றதா இருந்தா 1954 சிறப்புத் திருமணச் சட்டம்தான், 30 நாள் நோட்டீஸ் ஒட்டிக் காத்திருக்கோணும்.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டம். 1956 நவம்பர் 1க்கு முன்னாடி திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த பகுதிக்கு இது பொருந்தாதுன்னு முதல் பிரிவுலயே எழுதியிருக்கு. கொழிஞ்சாம்பாறை இருக்கற சித்தூர் தாலுகா பழைய கொச்சி, பாலக்காடு டவுன் பழைய மலபார், அதாவது மெட்ராஸ். இப்ப ஒரே ஜில்லா, பஸ்ல ஏறினா ஒரு மணி நேரத்துல போயிடலாம், ராஜா ஆண்ட எல்லை மட்டும் சட்டத்துல இன்னமும் அப்படியே நிக்குது.

சரி, லீவுக்கு வர்றேன். இதுல தாலி மாதிரித்தான், நீங்க வேலை பாக்கற இடம் எந்த ஸ்டேட்டோ அந்த ஸ்டேட்டு லீவுதான். ஓணத்துக்கு கோயம்புத்தூர் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவாங்க, அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை வேலை நாள்னும் அதே உத்தரவுல இருக்கும். அந்த லீவு, பேங்க் லீவுக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டம் 1881ன் கீழ வராதுன்னும் ஒரு வரி இருக்கும் பாருங்க, அதனாலதான் அன்னைக்கும் பேங்க் தொறந்திருக்கு. இது கவர்மென்ட் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும்தான். பிரைவேட் கம்பெனிக்கு 1958 சட்டம் தனியா இருக்கு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இதோட அஞ்சு பண்டிகை நாள். அந்த அஞ்சுல ஓணம் இருக்கான்னு உங்க எச்ஆர்கிட்ட இப்பவே கேட்டு வெச்சுக்கோங்க, இல்லைன்னா உங்க சொந்த லீவுதான்.

எங்க வீட்டுல இது வலிக்கறது பட்டிப் பொங்கல் அன்னைக்கு. தைப் பொங்கலுக்கு பாலக்காடு உட்பட ஆறு ஜில்லாவுக்கு கேரளா லீவு விடுது, ஆனா மறுநாள் அங்க சாதாரண வேலை நாள். எங்க வீட்டுக்காரர் விடிகாலை அஞ்சு மணிக்கு லைட்டைப் போட்டுட்டு மாட்டுக் கொம்புக்கு பெயிண்ட் அடிப்பார், ஒரு கொம்பு செவப்பு ஒரு கொம்பு நீலம், கையில பெயிண்ட் போகாமலேயே டூட்டிக்கு கெளம்பிடுவார். எனக்கு அன்னைக்கு லீவு, பொண்ணுக்கு ஸ்கூல். அவங்க ரெண்டு பேரும் வந்து சேர்ற வரைக்கும் பட்டியில பொங்கப்பானை வெக்காம காத்துட்டு இருப்போம். ஆடி அமாவாசைக்கு நேர் எதிர், கர்க்கடக வாவுன்னு கேரளாவுல பொது விடுமுறை, அவங்க எல்லாரும் ஆத்தங்கரையில இருப்பாங்க, நான் பஸ்ல இருப்பேன். ஒரே அமாவாசை, ஒரே எள்ளும் தண்ணியும்தான்.

ஓட்டு விஷயம் மட்டும் விதிவிலக்கு, கல்யாணத்துக்கப்புறம் உங்க பேர் அங்க மாறினா உதவும். உங்க தொகுதியில ஓட்டு நடக்கற அன்னைக்கு சம்பளத்தோட லீவு தரோணும்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135-பி பிரிவு சொல்லுது, வேலை வேற ஊர்ல இருந்தாலும். 2024ல தமிழ்நாட்டுல ஏப்ரல் 19, கேரளாவுல ஏப்ரல் 26. நான் 26ந்தேதி லீவு கேட்டுத்தான் போய் ஓட்டுப் போட்டேன்.

உங்க விஷயத்துல தாலி பாலக்காட்டுப் பக்கம் ஏறுது, அதனால அந்தக் கோயில் எந்த பஞ்சாயத்து இல்ல முனிசிபாலிட்டிக்குள்ள வருதுன்னு மொதல்ல விசாரிங்க, 45 நாள்தான் உங்களுக்கு. ஆவணின்னா அங்க சிங்ஙம், உத்திராடம் தொடங்கி நாலாம் ஓணம் வரைக்கும் ஆபீஸ் பூட்டியிருக்கும், அப்புறம் செப்டம்பர் 21 நாராயண குரு சமாதி. மறுவீடு விருந்துன்னு போறதுக்கு முன்னாடி, கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரமே ரெண்டு சாட்சியைக் கூட்டிட்டுப் போயிடுங்க.