17 வயதில் பள்ளியை விடலாமா?
வணக்கம். சிட்னியில் ரக்பி லீக் (பந்தை ஏந்தி ஓடி, எதிரணியோடு மோதும் ஆட்டம்) பழகும் உங்கள் 17 வயது மகன், பயிற்சிக்காகப் பள்ளியை விடத் துடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

இந்த ஆட்டத்தில், அதுவும் மோதலை முன்னின்று தாங்கும் முன்வரிசை ஆட்டக்காரர்களுக்கு, அவசரமே இல்லை. மோதலைத் தாங்கும் உடல் இருபதுகளில்தான் உரம் பெறுகிறது. ஆஸ்திரேலிய வீரர் பால் கேலன் 2001இல் சிட்னியின் குரோனுல்லா அணியில் தொடங்கி, 2016இல் அணித்தலைவராக ஆஸ்திரேலிய லீக் கோப்பை வென்று, 2019 வரை ஆடினார். ஆனால் இங்கிலாந்து வீரர் சாம் பர்ஜஸையும் பாருங்கள். அதே லீக்கின் 2014 இறுதிப்போட்டியின் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு முறிந்தும் தொடர்ந்து ஆடி, சிறந்த வீரர் பதக்கம் பெற்றார். எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம்! அவரையே தோள்பட்டைக் காயம் 30 வயதில் ஓய்வுபெற வைத்துவிட்டது.

மகன் 12ஆம் வகுப்பை முடிக்கட்டும். ஒப்பந்தம் வந்தால், காயமுற்ற காலத்தில் சம்பளமும் சிகிச்சைச் செலவும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.