பாலிப் அகற்றிய பிறகு அடுத்த கொலோனோஸ்கோப்பி எப்போது?

கேள்வி: எனக்கு வயது 54. எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே, வயதைக் கருதிச் செய்துகொண்ட கொலோனோஸ்கோப்பியில் (கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) 4 மி.மீ., 6 மி.மீ. அளவில் இரண்டு பாலிப்கள் (குடலின் உட்சுவரில் வளரும் சதைக்கட்டிகள்) அகற்றப்பட்டன. திசுப் பரிசோதனையில் டியூபுலர் அடினோமா (பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகை), புற்றுநோய் இல்லை என்று வந்தது. 7 ஆண்டுகள் கழித்து வந்தால் போதும் என்கிறார் மருத்துவர். பாலிப் அகற்றப்பட்ட என் நண்பரையோ 3 ஆண்டுகளில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஆண்டுதோறும் செய்துகொள்வது நல்லதல்லவா?

மருத்துவர் பதில்: தங்கள் மருத்துவர் கூறியது சரியே. 10 மி.மீ.க்குக் குறைவான ஒன்றிரண்டு டியூபுலர் அடினோமாக்கள் முழுமையாக அகற்றப்பட்டிருந்தால், அடுத்த பரிசோதனையை 7 முதல் 10 ஆண்டுகளுக்குள் செய்துகொண்டால் போதும் என்று 2020இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. இத்தகையோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், அவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பாலிப்பே இல்லாதவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிதாகக் கூடியிருக்கவில்லை. நண்பருக்குப் பாலிப் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்திருக்கலாம். எண்ணிக்கை ஐந்து முதல் பத்து வரை இருந்திருக்கலாம். திசுவில் தீவிர மாற்றம் தென்பட்டிருக்கலாம். அத்தகையோருக்கு 3 ஆண்டு இடைவெளி.

ஆனால் இந்த இடைவெளி, முதல் பரிசோதனை செம்மையாக நடந்திருந்தால் மட்டுமே பாதுகாப்பானது. நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஒரே நாளில் ஒருவருக்கு அடுத்தடுத்து இரு முறை கொலோனோஸ்கோப்பி செய்து ஒப்பிட்ட ஆய்வுகளில், முதல் முறையில் ஏறத்தாழ நான்கில் ஓர் அடினோமா கண்ணில் படாமல் போனது தெரியவந்தது. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை என்பது ஆறுதல்தான். எனினும், 2014இல் வெளியான, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை அலசிய ஆய்வில், ஒரு மருத்துவர் அடினோமாவைக் கண்டறியும் விகிதம் ஒரு சதவீதப் புள்ளி கூடும்போதெல்லாம், அவரிடம் பரிசோதித்துக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் வரும் ஆபத்து சுமார் 3% குறைந்திருந்தது.

ஆகவே தங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கருவி பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை சென்றதா, குடல் போதிய அளவு சுத்தமாக இருந்ததா, பாலிப் முழுமையாக அகற்றப்பட்டதா என்பவை அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வலப்புறப் பெருங்குடலில் தட்டையாகப் படர்ந்திருக்கும் சிலவகைப் பாலிப்களின் மேல் சளிப்படலம் மூடியிருக்கும்; சிறிதளவு மலம் தங்கினாலும் அவை மறைந்துவிடும். பேதி மருந்தை முந்தைய மாலை பாதியும், பரிசோதனைக்குச் சில மணி நேரம் முன்பு மீதியுமாகக் குடிக்கச் சொல்வது இதனால்தான். கருவியை வெளியே எடுத்துக்கொண்டே மடிப்புகளுக்குப் பின்னால் தேடுவதற்கு, பாலிப் அகற்றும் நேரம் நீங்கலாக, குறைந்தது 6 நிமிடம் தேவை என்பது பழைய அளவுகோல். 2024இல் அமெரிக்கச் சங்கங்கள் அதைச் சராசரியாக 8 நிமிடமாக உயர்த்தியுள்ளன. சுத்தம் போதவில்லை என்று அறிக்கையில் இருந்தால், 7 ஆண்டு என்ற கணக்கே செல்லாது. பரிசோதனையை ஓராண்டுக்குள் மீண்டும் செய்ய வேண்டும்.

எல்லாம் சரியாக இருப்பின், ஆண்டுதோறும் செய்வதால் நன்மை இல்லை. குடலில் துளை விழுதல், இரத்தக்கசிவு, மயக்க மருந்தின் பக்கவிளைவு ஆகியவை அரிதாயினும், ஒவ்வொரு முறையும் அந்த ஆபத்து உண்டு.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், மருத்துவரிடம் தெரிவியுங்கள். அப்போது இடைவெளி குறையக்கூடும். மலத்தில் இரத்தம், மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணம் தெரியாத இரத்தசோகை அல்லது எடைக்குறைவு ஏற்பட்டால், குறித்த ஆண்டு வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.