டீச்சர் பதில்கள்: மர மனிதனும் எங்கள் தோட்டத்துக் காமனும்

கேள்வி: டீச்சர், அமெரிக்கப் பாலைவனத்தில் மர மனிதனை எரிக்கும் விழாவுக்குப் போய் வந்ததாகச் சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது பணக்காரர்கள் குடித்துக் கும்மாளம் போடும் இடம் என்கிறான் என் மகன். நீங்கள் எதற்குப் போனீர்கள்? அங்கே என்ன கண்டீர்கள்?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. நான் போன 2016இல் டிக்கெட் மட்டும் 390 டொலர். தனி விமானத்தில் வந்திறங்கி, சமைக்கவும் கூட்டவும் ஆள் வைத்து இருந்தவர்களும் உண்டு. குடியும் உண்டு. என்னைக் கூட்டிப்போனது கலிபோர்னியாவில் வேலை செய்யும் தங்கச்சி மகன். "பெரியம்மா, காமன் கூத்து பத்திச் சொல்லுவீங்களே, அது மாதிரி ஒன்னு இங்கயும் இருக்கு" என்றான். சிவன் காமனை எரிப்பதையும் அவன் மனைவி ரதி புலம்புவதையும் எங்கள் மலையகத் தோட்டங்களில் ஆடிக்காட்டும் கூத்து அது. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் 58 வயதில் கிளம்பினேன்.

விழாவின் பெயர் பேர்னிங் மேன். 1986இல் சான்பிரான்சிஸ்கோ கடற்கரையில் லரி ஹார்வி, ஜெரி ஜேம்ஸ் என்ற இரண்டு பேர் எட்டடி உயர மர மனிதனைச் செய்து எரித்ததில் தொடங்கியது. 1990இல் நெவாடாவின் பிளாக் ரொக் பாலைவனத்துக்கு மாறியது. அங்கே மணல் மேடு கிடையாது. வற்றிப்போன ஏரிப்படுகை, மாவு போன்ற வெள்ளைப் புழுதி. அந்தக் காரப் புழுதியில் பாதம் வெடிக்கும், வினாகிரி கலந்த தண்ணீரில் கழுவ வேண்டும். உயரம் ஏறக்குறைய நம் ஹட்டன் அளவுதான். இரவில் கம்பளி இல்லாமல் முடியாது.

காசுக்குக் கிடைத்தது கோப்பியும் ஐஸும் மட்டுமே. மற்றதெல்லாம் ஒருவருக்கொருவர் சும்மா கொடுப்பது. நான் இரண்டு கிலோ தேயிலை கொண்டுபோயிருந்தேன். காலையில் இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீ ஊற்றி, வழியில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். முதுகில் இறக்கை கட்டிய ஒரு பையன் மூன்று நாளும் வந்து குடித்தான். எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், காம்பராவுக்குக் காம்பரா குழம்புக் கிண்ணம் போகும். கிண்ணத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பாள் அம்மா. அங்கே வெறுங்கிண்ணம் திரும்பினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அது எனக்குப் பழக இரண்டு நாள் ஆனது.

சனிக்கிழமை இரவு மனிதனை எரித்தார்கள். அந்த வருஷம் டாவின்சி வரைந்த படத்தைப் போல ஒரு பெரிய வளையத்துக்குள் கை விரித்து நின்றான். வாணவேடிக்கை, கூச்சல், ஆட்டம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தப்பு மேளச் சத்தம் இல்லாமல் எரிகிற காமனை என் மனசு ஒப்பவில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஒவ்வொரு வருஷமும் மரத்தில் ஒரு கோயில் கட்டுகிறார்கள். அதற்குள் சாமி கிடையாது. செத்துப்போனவர்களின் பெயர்களையும், சொல்லாமல் விட்ட பேச்சுகளையும் மரச்சுவரில் எழுதிவிட்டுப் போகிறார்கள். கடைசி இரவில் அது எரியும்போது ஆயிரக்கணக்கான பேர் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்க்கிறார்கள்.

நான் பெரியப்பா பெயரைத் தமிழில் எழுதினேன். மாசி மாதம் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவது அவர்தான். காமன் எரிந்ததும் அவர் எடுக்கும் புலம்பலுக்கு லயமே அழும். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, இங்கிருந்த இந்திய வம்சாவளி மக்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தார்களே, அந்தக் கணக்கில் அவரும் ஒருவர். 1972இல் ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏற்றிவிட்டோம். தலைமன்னாரில் கப்பல். கோத்தகிரியிலிருந்து சில வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. எப்போது செத்தார், யார் கொள்ளி வைத்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அடுத்த மாசியில் வேறொருவர் ரதி வேஷம் கட்டினார். அப்பா வெளியே வரவே இல்லை.

கோயில் எரிந்தபோது, பெரியப்பாவின் புலம்பலில் எனக்கு நினைவிருந்த இரண்டு அடியை வாய்க்குள் சொன்னேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் என்ன ஏதென்று கேட்கவில்லை. தன் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் கூடாரம் இருந்த இடத்தில் குப்பை பொறுக்கினோம். ஒரு நூல்கூட விடக்கூடாது என்பது அங்கே சட்டம் மாதிரி. பிளேன்டீ வடித்த சக்கையைக்கூடப் பையில் கட்டி எடுத்துக்கொண்டேன். வெளியே போகும் வாகன வரிசை ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஊர்ந்தது. "சுவத்துல யார் பேர எழுதுனீங்க பெரியம்மா?" என்று பையன் கேட்டான். அப்படியொரு தாத்தா இருந்ததே அவனுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தார் ரோட்டைத் தொடும்வரை சொன்னேன். எஞ்சினை நிறுத்தி நிறுத்தி, "அப்புறம்?", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.