குதிரை வீரர் கடை வைத்த கதை

காலனியக் காலத்துக் குதிரை வீரர்கள் படையை விட்டபின் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவரை மட்டும் சொல்கிறேன்: கனடாவின் ஜார்ஜ் கிளிஃப்ட் கிங்.

இங்கிலாந்தில் பிறந்த இவர் 1874-இல் வடமேற்குக் குதிரைக் காவல் படையில் சேர்ந்தார். பெயர்தான் போலீஸ், சிவப்புச் சட்டை, பீரங்கி என்று பாதி ராணுவம். 1875-இல் போ, எல்போ ஆறுகள் கூடுமிடத்திற்குக் கோட்டை அமைக்க வந்த பிரிவில் முதலில் கரையேறியவர் இவரே என்பார்கள். அதுதான் இன்றைய கால்கரி நகரம்.

அந்தக் கோட்டையைக் கட்டிக்கொடுத்தது ஐ. ஜி. பேக்கர் என்ற வணிக நிறுவனம். படையை விட்ட கிங், அதன் கடைக்கே நிர்வாகியானார். பின்னர் சொந்தக் கடை திறந்தார். எனக்கு இதில் வியப்பில்லை. ரொக்கமாகச் சம்பளம் வாங்கிய வாடிக்கையாளர்கள் பழைய தோழர்கள்தானே!

மனைவி லூயிசா மன்றோ, பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த மேட்டி இனத்தவர். வெள்ளையர் பெண்கள் அரிதாக இருந்த அந்த எல்லைப்புறத்தில் இத்தகைய திருமணங்கள் சாதாரணம்.

1885 முதல் 1921 வரை கிங்தான் ஊரின் அஞ்சலக அதிகாரி. இடையில், 1886-இல், இரண்டாவது மேயரும் ஆனார். முதல் மேயர் குதிரைச் சேணம் தைப்பவர்!